சாதா டிஸ்க்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் இருக்கிறோம். உன்னைப் போனில் பிடிக்கவே முடிவதில்லை. எப்போது கூப்பிட்டாலும் "ரெக்கார்டிங்ல இருக்காங்க" என்று ஒரு குரல் சொல்கிறது. கூடப்பிறந்தவளோடு பேச தபால்காரர் தயவு வேண்டியிருக்கிறது, பார்.

ஒரு நல்ல செய்தி. பஸ் டிப்போ போகிற வழியில் புது வகை டிஸ்க் விற்கும் கடை ஒன்று வந்திருக்கிறது. நம்மிடம் இருக்கிற சாதா டிஸ்கைக் கொடுத்தால் பல மடங்கு தெளிவாக்கிப் புது டிஸ்கில் ஏற்றித் தருகிறார்கள். சிட்டு பள்ளி விழாவில் பாடியதை நீ பதிவு செய்து கொடுத்தாயே, அதை உன் அத்தான் டூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நேற்று வந்தது. அதைப் போடுவதற்கென்றே ஒரு பிளேயரும் வாங்கினோம்.

என்னவென்று சொல்வேன்! உன் டிஸ்கில் ஒரு அடி முடிந்து அடுத்த அடி வரும்வரை வெறும் அமைதிதானே? இதில் அந்த இடத்தில் குழந்தை மூச்சு இழுக்கிறது. உன் அத்தான் எழுந்தே நின்றுவிட்டார். "பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்குடி" என்று அழுகிறார். மகள் கண்ணை மூடியதிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுகிறவர், நேற்று என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டார்.

நீ வந்து கேட்க வேண்டும்.

பிரியமுள்ள,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கிடைக்காததற்குக் காதைப் பிடித்துத் திருகு, வாங்கிக்கொள்கிறேன். அத்தான் சாப்பிட்டார் என்று படித்ததும் அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் அந்தக் கடைக்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இந்தப் புது டிஸ்க் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. போன மாதம் திரைக்குப் பின்னால் இரண்டு பிளேயர் வைத்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, இதுதான் புதுசு! வயலின் கம்பி தனியா கேக்குது பாரு!" என்றார். ஓடியது சாதா டிஸ்க். மற்றவர்களும் குருட்டாம்போக்கில்தான் சொன்னார்கள். மனிதக் காது கேட்கக்கூடியது எல்லாமே சாதா டிஸ்கில் அடங்கிவிடுகிறது, அக்கா. புதியதில் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள். தூக்கி வைத்தால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும்.

அதைவிட முக்கியம், டிஸ்கில் இல்லாத ஒன்றை எந்த மெஷினாலும் அதிலிருந்து எடுக்க முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு தடவை அதை எனக்கு அனுப்பு. கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 3

தங்கச்சிக்கு,

சந்தோஷமாக ஒன்று எழுதினால் அதற்கும் சோதனை வைப்பாயா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். அத்தான்தான், "அவ காதாலயே கேக்கட்டும், அப்புறம் பேசட்டும்" என்று கடையில் இன்னொரு பிரதி வாங்கிவந்து கட்டிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் டிப்போவிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறார். அவர் அதைப் போட்டால் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருவேன். அவ்வளவுதான் எங்கள் பொழுது.

நீ எதைச் சொல்வதானாலும் எனக்கு மட்டும் சொல். உறையின் மேல் என் பெயரை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. இது அத்தானுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று பட்டது. அதனால் இருவருக்குமே எழுதுகிறேன்.

அந்த மூச்சு சிட்டுவினுடையது அல்ல. விழா மேடையில் அவளுக்கு இழுப்பு அதிகமாக இருந்தது உங்களுக்கே தெரியும். அடிகளுக்கு நடுவே விசில் மாதிரி கேட்டது. அதை டிஸ்கில் ஏற்றும்போது, "பிள்ளை கஷ்டப்படுறது கேக்க வேணாம், எடுத்துடு" என்று அக்கா சொன்னாள். நான் அந்த இடங்களையெல்லாம் வெட்டி வெறுமையாக்கினேன். ஆக, கடைக்குப் போன டிஸ்கில் மூச்சே கிடையாது. என்னிடம் இருக்கும் மூல நாடாவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். அதில் இழுப்பு இருக்கிறது. புது டிஸ்கில் இருப்பது நல்ல நெஞ்சு உள்ள ஒரு பிள்ளையின் மூச்சு.

கடைக்குப் போன் செய்தேன். பேசியவர் மறைக்கக்கூட இல்லை. "நடுவுல காலியா இருந்தா உயிரே இருக்காதுங்க. எங்ககிட்ட மூச்சு தனியா நெறைய இருக்கு. பொருத்தமா ஒண்ணு எடுத்து வெப்போம். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல" என்றார்.

யாரோ ஒருவரின் மூச்சுக்கு நீங்கள் அழ வேண்டாம். என் டிஸ்கில் குறைவாக இருந்தாலும், இருப்பதெல்லாம் அவள்தான். அது உண்மை.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

கடிதத்தை அவர்தான் பிரித்தார். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"இது அவ இல்லையாமே" என்றார்.

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. அதனால் பேசாமலே இருந்தேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தெரியும். போட்ட முதல் நாளே தெரியும். அவள் பிறந்ததிலிருந்து அந்த நெஞ்சில் கை வைத்துக்கொண்டே தூங்கியவள் நான். எனக்கா தெரியாது? அந்த மூச்சு ஒரே இழுப்பில், தடங்கலில்லாமல், நெஞ்சு நிறையப் போகிறது. நம் பிள்ளை உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட அப்படி இழுத்ததில்லை. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். என் பிள்ளை இரண்டு அடிக்கு நடுவில் கஷ்டமில்லாமல் மூச்சு விடுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அந்த மூச்சில் அவளைக் கேட்டார். நான் அவளுக்கு உடம்பு சரியாகிவிட்டதைக் கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளேயரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வாங்க மாட்டோம் என்றார்களாம். கடை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது இரட்டை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு டிப்போவிலேயே படுத்துக்கொள்கிறார். துணி மாற்ற மட்டும் வருகிறார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. என்மேல்தான். "தெரிஞ்சும் பக்கத்துல உக்காந்து என்னை அழ விட்டியே" என்றார்.

நீ எழுதியதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. எனக்கு மட்டும் எழுது என்று கேட்டேன். கேட்டது அது ஒன்றுதான்.

கிளம்பி வந்துவிடாதே. நீ எடுத்துச் சொல்வாய், நான் தலையாட்டுவேன். அதற்கெல்லாம் என்னிடம் தெம்பில்லை. உன் டிஸ்க் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் போடுவதில்லை.

பதில் எழுத வேண்டாம்.

அக்கா