மாம்பழச் சாலையில் நிற்காத பஸ்

ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டு உன்னைக் கொன்றார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

சத்திரம் பேருந்து நிலையத்தில், ஸ்ரீரங்கம் போகிற தனியார் பஸ்ஸில் உட்கார்ந்து இதை போனில் எழுதுகிறேன். பக்கத்தில் வந்து நின்ற வண்டியிலிருந்து பிரேக் கருகிய வாடை வருகிறது. அந்த வாடைக்கே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். காவிரிப் பாலம் தாண்டினால் மாம்பழச் சாலை. நான் அங்கேதான் இறங்க வேண்டும். நீயும் அங்கேதான் இறங்கினாய்.

தில்லை நகர் டியூஷன் சென்டரில் நீ கணக்கு நடத்தினாய், நான் இயற்பியல். உந்த அழிவின்மை விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். 'புறவிசை இல்லாதவரை மொத்த உந்தம் மாறாது.' அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம், பிள்ளைகள் வருவதற்கு முன்பு, சக்கர நாற்காலிகள் இரண்டை எதிரெதிராகப் போட்டாய்.

"உட்காரு. என் கையப் புடிச்சுத் தள்ளு."

தள்ளினேன். நீ கொஞ்சம்தான் நகர்ந்தாய். நான் பின்னால் போய் ஜெராக்ஸ் மெஷினில் முட்டினேன்.

"நீ குண்டன்டா, அதான் நகரல."

"அதாண்டி விஷயமே! எனக்கு எடை ஜாஸ்தி, வேகம் கம்மி. உனக்கு எடை கம்மி, வேகம் ஜாஸ்தி. பெருக்கினா ரெண்டு பேர் உந்தமும் சமம். எதிரெதிர் திசை, அதனால கூட்டினா பூஜ்யம். தள்றதுக்கு முன்னாடியும் பூஜ்யம்தானே?"

முதுகு வலித்தது. ஆனால் விதி அன்றைக்குத்தான் புரிந்தது. உந்தம் தொலைவதில்லை, கைமாறுகிறது.

மாம்பழச் சாலையில் இந்த பஸ்கள் ஆண்களுக்காக நிற்பதில்லை. பெண்களுக்குக் கொஞ்சம் மெதுவாகும். அதற்கும் நீ ஒரு பாடம் வைத்திருந்தாய். "பஸ்ஸோட வேகம் உன் உடம்புலயும் இருக்கு. தரைல கால் நின்னுட்டா உடம்பு மட்டும் முன்னாடி போகும். அதனால பஸ் போற பக்கமே ஓடு." நான் ஒருநாளும் அப்படி இறங்கியதில்லை. கண்டக்டர் திட்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ சிரிப்பாய்.

அன்றும் நீ சரியாகத்தான் இறங்கினாய். முகம் முன்னால், ஓட்டமும் முன்னால். பின்னால் வந்த பஸ், ஆள் பிடிக்கிற போட்டியில், இடது பக்கமாக ஏறி முந்தியது. நான் படியில் நின்றிருந்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

காவல் நிலையத்தில் நாம் வந்த பஸ்ஸின் டிரைவர் சொன்னார்: "கண்டக்டர் விசில் குடுத்தாருங்க, எடுத்தேன்." கண்டக்டர் சொன்னார்: "டயத்துக்குப் போகலன்னா முதலாளி விடமாட்டாருங்க." முதலாளியின் ஆள் சொன்னார்: "தம்பி தானா குதிச்சாரு, பாவம்." உன் அம்மா அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். குற்றமும் அழியவில்லை, கைமாறிக் கைமாறி, வாயில்லாத உன்மேல் வந்து நின்றுவிட்டது.

இந்த வாரம் அதே பாடம். ஒரு மாணவி கேட்டாள், "மிஸ், கீழ விழுந்தா அந்த உந்தம் எங்க போகும்?" பூமிக்குப் போகும் என்றேன். பூமியும் நகரும், ஆனால் யாராலும் அளக்க முடியாத அளவுக்குத்தான் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ விழுந்தாய். இந்த ஊர் அந்த அளவுக்குத்தான் நகர்ந்தது.

நேற்று மாம்பழச் சாலையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் படியில் இறங்கினாள். வண்டி உருண்டுகொண்டிருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். "ஏம்மா, இது என்ன உங்க சொந்தக் காரா?" என்றார் கண்டக்டர். நான் தோளை விடவில்லை. இரண்டு பேரும் அதைத் தாண்டி, திருவானைக்கோவிலில் வண்டி நின்ற பிறகு இறங்கித் திரும்பி நடந்தோம். அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டட்டும்.

நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த விதியும் இந்தப் பயமும்தான். இரண்டையும் தினமும் இந்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் என் பக்கத்தில்தான் நிற்கிறார். கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "அண்ணே, மாம்பழச் சாலைல வண்டிய முழுசா நிப்பாட்டுங்க. சக்கரம் நிக்கணும்."

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.