கடைசி பெஞ்சுக்காக ஒரு பச்சாட்டா

போனாவ், 3 மார்ச் 1986

அன்புள்ள வழுக்கைத்தலை நிக்காசியோவுக்கு,

பஸ் டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் படித்துக் கண் வலி. என்னுடையதும் உனக்கு அதையே செய்யட்டும்.

சனிக்கிழமை உன் சாராயக்கடைக்கு வந்து வாசி என்கிறாய். எப்படி வருவேன்? குடித்து ஈரல் கெட்டுக் கிடந்த என்னைத் தூக்கிவந்து பிழைக்க வைத்தவள் என் மகள் மிக்டாலியா. தினமும் மசித்த வாழைக்காய் தருகிறாள். கூடவே ஒரு நிபந்தனை: "அப்பா, இந்த வீட்டுல இருக்குற வரைக்கும் உன் கிட்டாரு ஆண்டவருக்கு மட்டுந்தான்." பொலேரோ, சோன், சாராயக்கடைப் பச்சாட்டா என்று எல்லாப் பாட்டும் வாசித்து ஊர் மேய்ந்த கிட்டாரைச் சபையில் கட்டிப்போட்டுவிட்டாள். எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

ஒரு வழி இருக்கிறது. இங்கே தப்பு செய்தவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பார்கள், வாத்தியத்தைத் தொடவிட மாட்டார்கள். அந்த வெட்கத்தில் மகளே என்னை பஸ் ஏற்றிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஜெப நேரத்தில், உன் கடையில் நாம் வாசிப்போமே, அந்த 'ஓடிப்போனவள்' பச்சாட்டாவை வாசிக்கப்போகிறேன்.

உன் எலிஹியோ

போனாவ், 10 மார்ச்

நிக்காசியோ,

கெட்டேன்டா. வார்த்தையில்லாமல் கிட்டாரில் மட்டும் வாசித்ததைத் துதிப்பாட்டு என்று நினைத்து, பாதிப் பாட்டிலேயே சபை எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் உன் பழைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர். பாட்டு அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களைவிட அவர்கள்தான் அதிகம் அழுதார்கள், வாய் மட்டும் திறக்கவில்லை. எங்கே கேட்டாய் என்று மனைவி கேட்பாளே.

போதகர் என் கையைப் பிடித்து, "பெரியவரே, இப்படி ஒரு துதிய நான் கேட்டதில்ல. இனி சனிக்கிழமை மலைச் சபைக்கும் நீங்கதான்" என்றார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். முதல் வரிசையில் மிக்டாலியா பக்கத்திலிருந்தவளிடம், "எங்கப்பா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வந்து என்னை இழுத்துக்கொண்டு போ.

எலிஹியோ

எல் பினோ, 17 மார்ச்

அன்புள்ள சகோதரர் எலிஹியோ அவர்களுக்கு,

சிரிக்காதே, இனி இப்படித்தான் எழுத வேண்டுமாம்.

உன்னை இழுத்துவரத்தான் நேற்று வந்தேன். சபை ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பக்கத்தில் என் கிட்டார் இல்லாமல் நீ தனியாக வாசித்தது காதில் நொண்டியது. என் விரல் சுவரில் தாளம் போட ஆரம்பித்தது. உன் மகள் பார்த்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று தொப்பியைக் கழற்றினேன். "மாமா, இத்தன வருசமா எங்க இருந்தீங்க? உங்க கிட்டாரையும் எடுத்துட்டு வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீயே தப்பிக்க முடியாத கை. நான் எம்மாத்திரம்?

கடையை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். நம்மை இழுத்துப்போக இனி வெளியே ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் எனக்கு ஞானஸ்நானம். எனக்கு நீச்சல் தெரியாது. போதகர் முக்கும்போது பக்கத்திலேயே நில்லடா.

நிக்காசியோ