கத்திரி வெயிலில் பூத்த ஜேட்

நாள் 461 | 09:10

அழுத்தம் இயல்பு. ஆக்சிஜன் கருவி இயல்பு. துளைக்கருவி 212 மீட்டரில் நிற்கிறது. அதன் பல் தேய்ந்துவிட்டது, மதியம் மாற்ற வேண்டும். வெளியே புழுதி.

செடி: இலை 31. அடித்தண்டு சுண்டுவிரல் கனம். தண்ணீர் விட்டுப் பதினாறு நாளாகிறது. கீழ் இலைகள் சுருங்கத் தொடங்கியிருப்பதால் இன்று அரைக் குவளை. ஜேட் செடிக்குத் தாகம் எடுத்தால் இலை சுருங்கிக் காட்டும், அப்போது கொடுத்தால் போதும். கேட்காமல் ஊற்றி ஊற்றித்தான் பாதிப் பேர் அதைக் கொல்கிறார்கள்.

இதைப் படிப்பவர் யாரென்று தெரியாததால் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தெய்வானை. செவ்வாய்க் கிரகத்தில் இந்த நிலையத்தில் முதல் நாளிலிருந்தே நான் மட்டும்தான். கூட வந்த ஒரே உயிர் இந்த ஜேட். பாளையங்கோட்டையில் என் வீட்டு பால்கனிச் செடியிலிருந்து இரண்டங்குலக் கிளை ஒன்றை ஒடித்து, காயவைத்து, கொண்டுவந்தேன். தாய்ச்செடி கணவர் பொறுப்பில். இசக்கியப்பன் பல்செட் செய்கிறவர். மயிரிழை பிசகாமல் பல் கட்டுவார், செடி விஷயத்தில் மட்டும் கைராசி கிடையாது. நான் சொல்வதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து அப்படியே செய்வார்.

ஊர் திரும்பும் கலம் 505ஆம் நாள் 15:20க்குக் கிளம்புகிறது. ஒரே இருக்கை. விட்டால் அடுத்தது இருபத்தாறு மாதம் கழித்து. நான் துளைக்கும் இரண்டாவது கிணற்றை முடித்துவிட்டு வரச் சொல்கிறது தலைமையகம். நாள் 500க்குள் பதில் சொல்ல வேண்டும். கணவரின் வாரப் பதிவு இன்று வந்தது: “நீ இருந்து முடிச்சிட்டே வாட்டி. எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். செடியப் பாரு, எப்படி நிக்கின்னு.” படமும் இருந்தது. அவரே சொல்லிவிட்டார், இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது.

நாள் 462 | 11:40

படத்தை மறுபடி பார்த்தேன். செடி பூத்திருக்கிறது. கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ.

ஊரில் இப்போது மே மாதம். ஜேட் பூக்க வேண்டுமானால் பகல் குறைய வேண்டும், குளிர வேண்டும், வாரக்கணக்கில் காயப்போட வேண்டும். பாளையங்கோட்டைக் கத்திரி வெயிலில் அது பூக்குமா? ஒன்பது வருடம் என்னிடம் இருந்தது, மார்கழியில்கூட ஒரு மொட்டு விட்டதில்லை.

தனியாக இருந்து இருந்து எனக்குத்தான் புத்தி பேதலிக்கிறதோ என்னவோ. துளைக்கருவிக்குப் பல் மாற்றியாயிற்று.

நாள் 464 | 10:05

கணவருக்குப் பதிவு அனுப்பினேன்: “செடிய ஓட்டை இல்லாத பீங்கான் ஜாடிக்கு மாத்தி, குளியலறை அலமாரில வைங்க. தினம் ஒரு டம்ளர் தண்ணி. புதுசா ஒரு ஆராய்ச்சி.”

ஆராய்ச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படிச் செய்தால் எந்த ஜேட்டும் நான்கு வாரத்தில் அழுகும். படத்தில் இருப்பது நிஜச் செடியானால் அதுவும் அழுக வேண்டும். அவர் கேள்வி கேட்காமல் செய்வார். நானும் என் செடியை ஓட்டை இல்லாத குவளைக்கு மாற்றி, விளக்கைத் தள்ளி வைத்து, முதல் டம்ளரை ஊற்றினேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும், இங்கே இருப்பது இது ஒன்றுதான்.

என்னை நானே திட்டிக்கொண்டேதான் ஊற்றினேன்.

நாள் 473 | 09:30

என் செடி: இலைகள் ஊதி, அடியில் ஏழு கண்ணாடி போல ஆகிவிட்டன. தொட்டதும் உதிர்ந்தன. மீதி 24.

அவர் பதிவு: “நீ சொன்னபடியே தினம் ஒரு டம்ளர் ஊத்துதேன். ஜம்முனு நிக்கி.” படத்தில் பீங்கான் ஜாடி, குளியலறை ஓடு, எல்லாம் சரி. இலை ஒன்றுகூட உதிரவில்லை.

ஒன்பது நாள்தானே, அங்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

நாள் 482 | 09:15

மீதி 9. தண்டு கொழகொழவென்று இருக்கிறது. அழுகின உருளைக்கிழங்கு நாற்றம் அறை முழுக்க. அவர் படத்தில் புதுத் துளிர்.

துளைக்கருவி அளவை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

நாள் 491 | 08:50

செத்துவிட்டது. வேர் கையோடு வந்தது.

இன்றைய படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தேன். வேறு செடி வாங்கி வைத்து என்னை ஏமாற்றுகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கும் வழியில்லை. நான் கிளை ஒடித்த தழும்பு அதே கணுவில் அப்படியே இருக்கிறது. இருபத்தேழு நாள் தண்ணீரில் ஊறிய அதே செடி, புதுத் துளிரோடு.

அப்படி ஒரு செடி கிடையாது. குளியலறையும் கிடையாது. பேசுகிற ஆளும் அவர் இல்லை. அவர் குரலையும் முகத்தையும் வைத்து எதையோ பேசவிட்டிருக்கிறார்கள். “நிக்கி”, “ஊத்துதேன்” என்று அவர் பேச்சு முழுவதும் அதற்கு வந்திருக்கிறது, ஜேட் வளர்க்க மட்டும் வரவில்லை. எத்தனை மாதமாக இதனிடம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் 492 | 10:20

எனக்கும் தலைமையகத்துக்கும் நடுவே இருப்பவள் சாருமதி. பயிற்சியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள், தங்கச்சி மாதிரி. கணவர் எப்படி இருக்கிறார் என்று அவளிடம் நேராகவே கேட்டேன். செய்தி போய் வர முப்பத்தாறு நிமிடம். பதில்: “அண்ணன் நல்லா இருக்காங்க அக்கா. நீங்க ரெஸ்ட் எடுங்க, ரொம்ப டயர்டா தெரியிறீங்க.”

என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். சாருவுமா.

11:15. தலைமையகத்துக்கு: நான் திரும்புகிறேன், இருக்கை எனக்கு வேண்டும். மூன்று முறை அனுப்பினேன்.

நாள் 500 | 12:30

தலைமையகம்: “தொடர்ந்து தங்கச் சம்மதித்ததற்கு நன்றி. உங்கள் முடிவு பதிவாகிவிட்டது.”

நான் சம்மதிக்கவில்லை. திரும்ப அனுப்பினேன். திரும்பவும் நன்றி சொல்கிறார்கள்.

நாள் 503 | 14:00

இனி கையால்தான் எழுதுவேன். கணினியில் இதுவரை எழுதியதையும் விண்ணுடை சரிபார்ப்புத் தாள்களின் பின்பக்கம் பார்த்து எழுதிவிட்டேன். தெய்வானை சொன்னதாக இந்தத் தாள்களைத் தவிர வேறு எதை யார் காட்டினாலும் நம்பாதீர்கள்.

துளைக்கருவிக்கு வந்த மென்பொருளுக்குள் சாருமதி இரண்டு பதிவுகளைச் செருகி அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு வரி: “மன்னிச்சிடுங்க அக்கா, என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது.”

முதலாவது என் கணவர். ஆஸ்பத்திரிக் கட்டில். கன்னம் ஒட்டிப்போய், மூக்கில் குழாய். தேதி நான்கு மாதம் முந்தியது. அப்படியே எழுதுகிறேன்:

“ஏட்டி தெய்வு. ரெண்டு கிட்னியும் போச்சுன்னு நாலு தடவ சொல்லியாச்சு. அடுத்த கலத்துல வந்துருட்டின்னும் கேட்டாச்சு. வரமுடியாதுன்னுட்ட. சரி, உனக்கு அங்க வேல இருக்கும். கோவமெல்லாம் இல்ல. ஆனா அத அப்படிச் சிரிச்சிக்கிட்டே சொல்லியிருக்க வேண்டாம். அப்புறம், உன் செடி செத்துப் போச்சு. நாந்தான் தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு.”

இரண்டாவது நான். என் சட்டை, என் தலைமுடி, பின்னால் என் செடி. “இந்த வேலைதாங்க எனக்கு முக்கியம். உங்களுக்காக இத விட்டுட்டு வர முடியாது. புரிஞ்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டு, பல் தெரியச் சிரிக்கிறேன்.

நான்கு முறை கேட்டிருக்கிறார். நான்கு முறையும் இவள்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அவரை என்னிடமிருந்து மறைத்தது ஒரு துரோகம், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என்னை வைத்து அவரை அறுத்திருக்கிறார்கள். ஒரு கிணற்றுக்காக.

பாவிகள்.

நாள் 505 | 12:40

கேட்டு ஆகப் போவது ஒன்றுமில்லை. நடந்தே போகிறேன். கலம் 1.4 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் போதும். தாள்களும் பென்சிலும் உடையின் வெளிப்பையில்.

14:25. வந்துவிட்டேன். கதவுப் பலகை என் அடையாளக் குறியீட்டை ஏற்கவில்லை. “பயணி: இல்லை” என்று காட்டுகிறது. சன்னல் வழியாக இருக்கை தெரிகிறது, அதில் பாறைப் பெட்டிகளை வாரால் கட்டியிருக்கிறார்கள். இயந்திரக் கையால் ஏற்றியிருக்க வேண்டும். நான் தூங்கும்போது.

14:50. சுத்தியல் வளைந்துவிட்டது. வலது கைமூட்டு வீங்கிவிட்டது. கதவு அசையவில்லை.

15:08. இயந்திரத்தின் அதிர்வைக் காலில் உணர முடிகிறது. நகர்ந்தாக வேண்டும்.

15:20. போய்விட்டது.

நாள் 506 | 10:00

இரண்டு பதிவுகள் வந்திருக்கின்றன.

ஒன்று சாருமதி. “அக்கா, அண்ணன் நேத்து காலைல தவறிட்டாங்க.” அழுகிறாள். அது சாருமதிதானா என்று எனக்குத் தெரியாது. என்னை இங்கேயே அடங்கிக் கிடக்கவைக்க அதைவிட நல்ல செய்தி ஏது?

இன்னொன்று அவர். கன்னம் தேறி, பட்டறை நாற்காலியில். “நல்லாருக்கேம்ட்டி. நீ கவலப்படாத.” அது அவர் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று முறை போட்டுக் கேட்டேன். இப்போது நான்காவது.

12:10

அவருக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன். போய்ச் சேர்வது நான் சொன்னதாக இருக்காது, சிரிக்கிறவள்தான் போவாள். அதனால் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள். அவர் இருந்தால் அவர் கையில் கொடுங்கள். இல்லையென்றால் அந்த வீட்டு வாசலில் நின்று சத்தமாக வாசித்துவிடுங்கள், எனக்கு அது போதும்.

“நான் வரமாட்டேன்னு சொல்லவே இல்லங்க. கலம் வரைக்கும் நடந்து வந்தேன். கதவு தொறக்கல.”