சிக்ஸருக்குப் பொங்கும் பானை

ஜன. 13, 1994. போகி
பனி, டயர்ப் புகை. எதிர்வீடு காணவில்லை.

மேனாம்பேடு பெருமக்கள் ஆனந்தக் கண்ணீர் துடைக்கக் கைக்குட்டையுடன் தயாராகவும்: இன்று பிற்பகல், பாலு அண்ணன் கேபிள் ரூம் கம்ப்யூட்டரில் ஒரு பானை பொங்கியது.

காணும் பொங்கல் கிரிக்கெட் மேட்சை அண்ணன் கேபிளில் நேரடியாகக் காட்டுகிறார். சிக்ஸர் அடித்தால் திரையில் பானை பொங்கும். ஃபோருக்கு மாடு ஓடும். (மாடு நாய் மாதிரி இருக்கிறது. குரைக்காதவரை சரி.) எல்லாம் என் கைவண்ணம். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

அண்ணன்: “கல்யாண கேசட்ல ரோஜாப்பூ பறக்கவுட்ட கம்ப்யூட்டருடா. இப்போ மாடு மேய்க்குது.”

ஜன. 14. பொங்கல்
வெயில். சர்க்கரைப் பொங்கல் தின்று வயிறு கல்.
நண்பன் சேகர் வீட்டில் ரசம் மட்டும். ஆடியில் அவன் அப்பா இறந்துபோனார். வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. பையன் நாள் முழுக்கக் கேபிள் ரூமில், என் பக்கத்தில். எங்கள் டீமின் ஓப்பனிங் அவன்தான்.
“அப்பா போனதுலேர்ந்து அம்மா டி.வி.யே போடலடா. மேட்சுக்கு மட்டும் போடுறேன்னு சொல்லிகீது.”

ஜன. 15. மாட்டுப் பொங்கல்
அவுட்டானால் காட்ட ஒன்றுமில்லை. திடீர் யோசனை: பானை டமாலென்று உடைந்தால்? சேகர் கிளம்பியதும் செய்து முடித்தேன். மூன்றாம் நம்பர் பட்டன். அண்ணனுக்கும் சொல்லவில்லை. எதிர் டீம் அழப்போகிறது. நான் மேதை.

ஜன. 16. காணும் பொங்கல்
மூட்டம். காற்றே இல்லை.
சேகர் அடித்தான் இரண்டு சிக்ஸர். பானை இரண்டு முறை பொங்கியது. வாசலில் கூட்டம், விசில்.
அப்புறம் போல்டு. என் விரல் தானாக மூன்றுக்குப் போனது. பானை உடைந்து, துண்டு துண்டாக, அவன் தலை குனிந்து நடந்துவரும் காட்சியின் மேலேயே விழுந்தது.
விசில் நின்றுவிட்டது.
அண்ணன்: “டேய்! நல்ல நாள் அதுவுமா இன்னாடா பண்ணிகினு கீறே? அவங்கம்மா பாத்துகினு இருக்கும்டா!”
அப்போதுதான் உறைத்தது. சுடுகாட்டில் அவன் தோளில் குடம் சுமந்து சுற்றியபோது, பின்னால் நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஜன. 17
தூறல். வெளியே போகவில்லை.
சேகரின் தங்கை குழாயடியில்: “அம்மா டி.வி.ய அணைச்சிட்டாங்கண்ணா. ராத்திரி சாப்பிடவே இல்ல.”

சாயங்காலம் சேகரே வந்தான். கம்ப்யூட்டர் கோளாறு என்றேன்.
“வுடு மாமே.” என் முகத்தைப் பார்க்கவில்லை.

தெருவில் போன இருவர்: “பானை சூப்பர்டா, நீயாமே?” சேகர் பக்கத்தில்தான் நின்றான். தலையாட்டிவிட்டேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். மவுஸைப் பிடித்தால் எனக்குக் கோடுகூட நேராக வராது. மாடு என்னுடையது. பானை, நுரை, கழுத்தில் மஞ்சள் கொத்து எல்லாம் வரைந்தவன் சேகர். வீட்டில் துக்கம், என் பேரைச் சொல்லாதே என்றான். அதன் மேல் விரிசல் போட்டது மட்டும்தான் நான்.