நடுவில் ஆள் வேண்டாம்

ஜூன் 4

மகளுடைய அப்பாவுக்கு,

முதலில் ஒரு அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது அப்புறம். நீங்கள் அனுப்பிய வீட்டுத் தரகரிடம் நான் வீட்டுக்காரி இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. மேசை நிறைய ஊரார் துணி, கையில் இஸ்திரிப் பெட்டி, தலையில் துண்டு. வந்தவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்டம்மா இல்லையா?" என்றார். எனக்கு எரிச்சல். "வெளிய போயிருக்காங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. வீடு பாக்க ஆள் வரும்போதெல்லாம் அந்தம்மாவ இப்படியே வெளிய அனுப்பிடணும். வாய் ரொம்பப் பெருசாம். வீட்டுக்காரரே சொன்னாரு."

"எவ்ளோ பெருசுன்னு சொன்னாரா?"

"அத அளந்து சொல்லலம்மா."

தேநீர் போட்டுக் கொடுத்து உட்காரவைத்தேன். தொழில் ரகசியம் எல்லாம் கொட்டினார். நம்மிடம் வந்து "இப்போ மார்க்கெட் சரியில்ல" என்பாராம். வாங்குகிறவரிடம் போய் "அவங்க ரொம்ப அவசரத்துல இருக்காங்க" என்பாராம். சீக்கிரம் முடிந்தால் அவருக்கு அடுத்த வீடு. நமக்கு அடுத்த வீடு ஏது? கெட்ட மனிதர் இல்லை. கசங்கிய சட்டையைக் கழற்றிக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்துத் தரச் சொன்னார். தேய்த்துக்கொண்டே நான் யாரென்று சொன்னேன். பனியனோடு கேட் வரைக்கும் போய்விட்டு, சட்டைக்காகத் திரும்பி வந்தார்.

போன் செய்தால் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பும் வாத்தியாரின் பொறுமையும் ஒன்றாக முடிந்தன.

நமக்கு நடுவில் ஆள் இல்லாமலா இருந்தது? பெற்ற மகளையே வைத்திருந்தோமே. "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு." "பசிக்கலன்னு அம்மாகிட்ட சொல்லு." ஒரே அறையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு! அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்தபடி ரெண்டு பக்கமும் ஒப்பிக்கும். கல்யாணமாகிப் புறப்பட்ட அன்றைக்கு, "இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நான் ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள். அப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. நீங்களும் பஸ் டிப்போ பக்கத்தில் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டீர்கள். இப்போது அவள் பார்த்த வேலைக்குக் கமிஷன் பேசி ஆள் பிடித்திருக்கிறீர்கள். பிள்ளை சும்மா செய்தது.

தரகர் வேண்டாம். சொல்ல வேண்டியது இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாய் பெரிய வீட்டம்மா


ஜூன் 12

மகளின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

தரகரைச் சாதாரணமாக நினைக்காதே. நம் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். பத்திரம், வரி ரசீது எல்லாம் அவர் பொறுப்பு. பேரம் சூடானால் திட்டும் அவருக்குத்தான் விழும். நான் இத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். கண்டக்டர் இல்லாமல் ஓட்டியிருக்க முடியுமா? சில்லறைச் சண்டையை அவர் பார்த்துக்கொண்டதால்தான் நான் ரோட்டைப் பார்க்க முடிந்தது.

கூரை இன்னொரு மழைக்குத் தாங்காது. வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம். நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

வாய் பெரிது என்று நான் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள் என்றுதான் சொன்னேன். அவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மகளின் அப்பா


ஜூன் 17

என்னங்க,

பார்த்தீர்களா? ஒரே ஒரு பேச்சைக் கொடுத்தனுப்பினீர்கள். அதுவே இங்கே வந்து சேர்வதற்குள் உருமாறிவிட்டது. முழு வீட்டையும் அவர் கையில் கொடுத்தால் என்னவாகும்?

கேட்டில் நானே பலகை மாட்டிவிட்டேன். "வீடு விற்பனைக்கு. தரகர் வேண்டாம். நேரில் பேசவும்." அதைப் பார்த்துவிட்டு முதலில் வந்தவர்கள் அத்தனை பேரும் தரகர்கள். "தரகர் வேண்டாம்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலயா?" என்றால், "அது மத்த தரகருங்களுக்கும்மா" என்கிறார் ஒருவர். என்ன தைரியம்!

நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நர்சம்மாவும் அவர் கணவரும் வந்தார்கள். வீடு பிடித்துவிட்டது. கட்டில் எங்கே போடலாம் என்று கூடப் பேசிக்கொண்டார்கள். போகிறபோது அந்தப் பெண், "ஏங்க்கா விக்கிறீங்க?" என்று கேட்டாள். "நானும் அவரும் பேசிக்கிறதில்லம்மா" என்றேன். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் போன் வந்தது, வீடு ராசியாகப் படவில்லையாம். உங்கள் தரகர் இருந்திருந்தால் "மகளோட இருக்கப் போறாங்க" என்று சொல்லி அங்கேயே முன்பணம் வாங்கியிருப்பார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அசைய மாட்டேன்.

கண்டக்டர் கதை சொன்னீர்களே. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி எங்கே போகிறது என்பதை ஓட்டுகிறவர்தானே சொல்ல வேண்டும்? உங்கள் தலைக்குப் பின்னால் "ஓட்டுநருடன் பேசாதீர்கள்" என்று எழுதியிருக்குமே, அதைக் கழற்றி வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள்.

கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நேரில் வர வேண்டும். என் முகத்தைப் பார்த்து, இந்த வீட்டை என்ன செய்யலாம் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதுவரை கையெழுத்துக் கிடையாது. தரகர் வந்தாலும் சரி, வக்கீல் வந்தாலும் சரி, கூரையே தலையில் விழுந்தாலும் சரி. அடியிலிருந்து கை நீட்டி, "கிடையாது" என்று ஆட்டிக் காட்டுவேன்.

இப்படிக்கு,
அசையாத சொத்து


ஜூன் 26

உனக்கு,

உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு நினைத்தது வாயில் வராது. நான் ஒன்று சொன்னால் நீ நான்கு சொல்வாய். நான்கும் சரியாக வேறு இருக்கும். மகள் சொல்லும்போது அதெல்லாம் கொஞ்சம் ஆறி வரும். அதற்காகத்தான் ஆள். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

இங்கே பக்கத்து அறையில் யாரும் இல்லை. நீ எதிரில் இருக்கும்போது பேசாமல் இருப்பது வேறு. யாருமே இல்லாத இடத்தில் பேசாமல் இருப்பது வேறு. முன்னால் தெரியவில்லை.

ஞாயிறு வருகிறேன். தரகர் வரமாட்டார். நான்கு சொல்லாதே.

இப்படிக்கு,
நான்


ஜூலை 7

என்னங்க,

உங்களுக்கு நடந்ததை உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நான் உள்ளே நின்று கேட்டது உங்களுக்குத் தெரியாதே.

நீங்கள் வந்த நேரம் பார்த்தா வீடு பார்க்க ஒரு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் கேட்டில் நிற்க வேண்டும்! உங்களைத் தரகர் என்று நினைத்துக்கொண்டார்கள். நீங்களும் இல்லை என்று சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் மேசையை விட்டு நகரவில்லை. காது மட்டும் உங்களோடு அறை அறையாக வந்தது. அடேயப்பா, என்ன பேச்சு! இந்த மனுஷன் வாயில் இவ்வளவு இருந்ததா? கூரை எந்த மூலையில் ஒழுகும் என்று விரல் நீட்டிக் காட்டினீர்களாமே. வாய் பெரியது எனக்கு மட்டும்தானா?

சமையலறைக்குப் போனதும், "இந்தச் சன்னல் ஏன் இவ்ளோ பெருசு?" என்று அந்தம்மா கேட்டார். "அடுப்புச் சூட்டுல நிக்கிறா, காத்து வேணும்ல. கொத்தனாரு சின்னதாத்தான் வச்சாரு. நாந்தான் இடிச்சுப் பெருசா வைக்கச் சொன்னேன்" என்றீர்கள்.

இத்தனை வருஷமும் கொத்தனார் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்று நினைத்து அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குச் சொல்ல வேண்டியதைக் கேட்க மருந்துக்கடைக்காரர் வீட்டில் இருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. கோபம் இன்னும் இறங்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கோபப்பட்டேன்.

அவர்கள் போன பிறகு மேசைக்கு எதிரில் வந்து நின்றீர்கள். "வித்துடலாமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். நான்கு சொல்லாதே என்றீர்கள், எனக்கு ஒன்றுகூட வரவில்லை. இதை வைத்துக் காலமெல்லாம் என்னைக் கேலி செய்யலாம், அனுமதி உண்டு. நீங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள்.

அதனால் பதிலை இதில் சொல்கிறேன். விற்கலாம். வேண்டாம் என்று நான் என்றைக்குச் சொன்னேன்? என்னைக் கேட்கவில்லை என்றுதானே சொன்னேன்.

மருந்துக்கடைக்காரர் நேற்று மறுபடியும் வந்தார். கூரைக்காகக் குறைத்தேன், வேறெதற்கும் குறைக்க மாட்டேன் என்று நின்றேன். சரி என்றுவிட்டார். "சன்னல தானே பெருசா வைக்கச் சொன்னதா அளக்குறாரே, உங்க தரகர் நல்லாப் பேசுறாரு, எங்க பழைய வீட்டையும் வித்துத் தருவாரா?" என்று கேட்டார். "அவரு என் வீட்டுக்காரரு. வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு மேல பேச மாட்டாரு" என்றேன். பத்திரம் எழுத ஒரு வக்கீலைப் பாருங்கள். அது நமக்குத் தெரியாத வேலை, கூலி கொடுத்துவிடுவோம்.

இன்னொன்று. உங்கள் டிப்போ அறையில் என் மேசை நுழையாது. ரெண்டு தெரு தள்ளி, முன்னறையோடு ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன். அங்கே நீங்களும் வருகிறீர்களா? நான்தான் கேட்கிறேன். யாரும் கேட்கச் சொல்லி அனுப்பவில்லை. பதிலை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்ள மாட்டேன். நேரில் வந்து சொல்லுங்கள். வரவில்லை என்பதானாலும் நேரில் வந்தே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்

பி.கு.: நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது இஸ்திரிப் பெட்டி என் கைக்கு அடியில் இருந்தது. பெட்டிக்கு அடியில் வங்கி மேனேஜரின் சாம்பல் நிறக் கால்சட்டை இருந்தது. பின்பக்கத்தில் ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் சுத்தமாக, பெட்டி அளவுக்கு. மடித்துத் தனியாக வைத்திருந்தேன். நான் உள்ளே இருந்தபோது அவர் மனைவி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். விஷயத்தைச் சொல்லலாம் என்று காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேனேஜர் அதைப் போட்டுக்கொண்டு வங்கிக்குக் கிளம்பியிருந்தார்.