உப்புக் கோட்டையின் இரண்டாம் பாகம்

செர்டாங், கெடா
14 செப்டம்பர் 1986

அன்புள்ள ஜெரார்ட் அத்தானுக்கு பிரிஜெட் எழுதுவது.

நானும் பேட்ரிசியாவும் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இந்த வரிகளைப் படிக்காமலே தாண்டிவிடுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. மாமாவுக்கு முட்டிவலி குறையவில்லை. அடுப்படிக் கூரை பழைய இடத்தில்தான் ஒழுகுகிறது.

நீங்கள் கலிஃபோர்னியாவிலிருந்து அனுப்பிய பார்சல் போன மாதமே வந்துவிட்டது. இரண்டு டிஸ்கெட்டும் மடங்காமல் வந்தன. கூடவே மூன்று பக்கக் கடிதம். அதில் இரண்டே முக்கால் பக்கம் உப்புக் கோட்டை கேமின் இரண்டாம் பாகத்தைப் பற்றி. அங்கே பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் இதை மட்டம் என்று எழுதுகிறார்கள், ஆனாலும் முதல் பாகத்தை விளையாடியவர்களுக்கு விட மனமில்லை, நீ விளையாடிப் பார்த்துத் தகுமா தகாதா என்று சொல், அதற்குப் பிறகுதான் நான் தொடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். பிறகு கையெழுத்துக்குக் கீழே, தாளின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், டிசம்பருக்குள் பதில் கொடுக்க வேண்டும், உன் அபிப்பிராயம் என்ன என்று.

ஒரு கேமுக்கு இரண்டே முக்கால் பக்கம், இரண்டு வருஷத்துக்கு ஒரு வரி. நல்ல நியாயம். நானும் உங்கள் அளவிலேயே பதில் எழுதுகிறேன், கேமை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மட்டம் என்று எழுதியவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நான் கண்றாவி என்று எழுதுகிறேன்.

முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் உதிரி பாகம் வாங்கிக் கோர்த்த அந்தப் பச்சைத் திரைக் கம்ப்யூட்டர், வெறும் எழுத்து, ஒரு படம் கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நான் தட்டச்சு செய்ய உட்காருவேன், நீங்கள் பக்கத்தில் வரைபடம் போடுவீர்கள். தட்டச்சு செய்கிறவள் பென்சிலைத் தொடக்கூடாது, வரைகிறவர் கீபோர்டைத் தொடக்கூடாது என்பது நம் சட்டம். 'எதிரே உப்பு வெள்ளையாகக் கிடக்கிறது, காற்று அடிக்கிறது' என்று இரண்டு வரி திரையில் வந்தால், எனக்கு உதடு கரித்தது. இதை நான் உங்களிடம் அப்போது சொல்லவில்லை.

உப்புச் சதுப்பில் நாம் மூன்று ஞாயிறு சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? எப்படி இருக்கும், தப்பு உங்களுடையதாயிற்றே. பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவருக்கு மேலே என்றால் மலைப்பக்கம், கீழே என்றால் ஆற்றுப்பக்கம், உலகத்தில் வேறு திசை இல்லை. மாமா கங்காணியாக இருந்தபோது வைத்திருந்த, மர வரிசைகளைக் குறித்த பழைய நிரை பிளானின் பின்பக்கத்தில் வரைந்தீர்கள். கேம், மலை கிழக்கே இருக்கிறது என்றது. நீங்கள் மலையைத் தாளின் உச்சியில் வரைந்தீர்கள். நான் உச்சி என்றால் வடக்குத்தானே என்று நம்பி வடக்கே வடக்கே என்று அடித்துக்கொண்டே போனேன், ஒவ்வொரு தடவையும் சேற்றில் மூழ்கிச் செத்தோம். மூன்றாவது ஞாயிறு கண்டுபிடித்தபோது தாளைக் கிழிக்கப் போனேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கைக்குழந்தையாயிருந்த பேட்ரிசியா எழுந்து அழுதாள்.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை நானே அடித்தேன், நானே வரைந்தேன். வடக்கைச் சரியாக உச்சியில் வைத்து, ரூலர் பிடித்து, அவ்வளவு சுத்தம். ஒரு தடவைகூட வழி தப்பவில்லை. தப்பவும் முடியாது, ஏனென்றால் திருப்பத்துக்குத் திருப்பம் கேமை எழுதியவன் வழிகாட்டிப் பலகை நட்டு வைத்திருக்கிறான். கோட்டைக்கு இப்படி, கிணற்றுக்கு அப்படி என்று. மனிதர்கள் தொலைந்து போன கோட்டையா, ஜே.கே.ஆர் இலாகா போட்ட அரசாங்க ரோடா?

கிணற்றுக்குள் போனால் முதல் பாகத்தில் இருந்த அதே பூட்டு, அதே புதிர், விடை காணும் வழியும் அதேதான். பூட்டைத் திறக்கும் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறான். நேற்றுக் கறியைச் சூடு பண்ணிப் புதுத் தட்டில் வைத்தால் எனக்குத் தெரியாதா? முதலாவது விற்றது, அதனால் இரண்டாவது. உப்புக் கோட்டையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கே ஆசை இல்லை, ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஓடக்காரனைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் பாகத்தில் நம் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசிவரைக்கும் பெயர் சொல்லியே கூப்பிட்டானே, அவன்தான். பதினோரு தடவை நம்மை அக்கரையில் கொண்டு விட்டவன். இரண்டாம் பாகத்தில் ஓடிப்போய்த் துறையில் நிற்கிறேன், 'நீங்கள் யார்?' என்கிறான். உங்கள் பெயரை அடித்தேன். தெரியாது என்றான். என் பெயரை அடித்தேன். தெரியாது என்றான். அன்றைக்கு மெஷினை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆனால் கூலிமில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் உங்கள் நண்பர் பசுபதிக்கு இதுதான் உயர்ந்த கேமாம். முதலாவதை விட ஆயிரம் மடங்கு மேல் என்றார். ஏன் என்று கேட்டேன், படம் இருக்கிறதாம். நம் வீட்டுத் திரையில் எல்லாமே பச்சைக் கோடாகத் தெரிகிறது என்றேன். அதற்காகவே என்னைக் கடைக்கு வரச்சொல்லிக் கலர் டிவியில் மாட்டிக் காட்டினார். கடல் ஊதா, வானம் ஆரஞ்சு. கோட்டை என்று ஒன்று தெரிந்தது, சாக்கடைக்குப் போடும் சிமெண்டுக் குழாயை நிமிர்த்தி வைத்தமாதிரி. படம் வந்ததும் எழுத்தைக் குறைத்துவிட்டான். காற்று இல்லை, வாசனை இல்லை, ஒன்றும் இல்லை. பசுபதி முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார். நன்றாயிருக்கிறது அண்ணே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இந்த உலகத்தில் பொய் சொல்ல வைப்பவர்கள் இப்படித்தான், நல்லவர்களாகவே இருந்து தொலைக்கிறார்கள்.

உங்கள் அக்கா அகத்தா அண்ணி போன வாரம் வந்தார். அந்த ஒரு வரியை அவருக்கு மட்டும் இரண்டு பக்கமாக எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இரண்டு வருஷம் என்ன பெரிய வருஷமா, இரண்டு நாளாகப் பறந்துவிடும், முதல் இரண்டு வருஷம் பறக்கவில்லையா என்று என்னைக் கேட்டார். பறந்தது அண்ணி என்றேன். அண்ணி எங்கே உட்கார்ந்து பார்த்தாரோ, அங்கிருந்து பறந்திருக்கும்.

அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதி மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். போய்ச் சம்பாதியுங்கள் என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. வாருங்கள் என்று எழுதினேன், கெஞ்சுகிறமாதிரி இருந்தது. மூன்றாவதில் எழுதியது உங்களுக்கு வேண்டாம், கோபத்தில் எழுதியது. அதனால் நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் என் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். பேட்ரிசியா நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு இது என்ன, அது என்ன என்று கேட்டாள். இது கோட்டை, இது ஆறு, அம்மா இங்கே நிற்கிறேன் என்று காட்டினேன். என் புத்தி சும்மா இருக்காமல், அப்பா எங்கே என்று கேட்டுவிட்டேன். தாளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விரலைத் தாளில் வைக்கவில்லை. ஓரத்தைத் தாண்டி, மேசைப் பலகையில் வைத்தாள்.

"அப்பா இங்க. பேப்பர் பத்தல" என்றாள்.

அவள் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, அத்தான். கணக்குச் சொல்கிறமாதிரி சொல்லிவிட்டு இறங்கி விளையாடப் போய்விட்டாள். நான்தான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் போகும்போது அவளுக்கு ஒன்றேகால் வயது. இப்போது மூன்று முடிந்துவிட்டது.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்குத் தீர்ப்பு. உப்புக் கோட்டை இரண்டாம் பாகம் தனியாக உட்கார்ந்து விளையாடத் தகாது. உங்களுக்கும் தகாது, எனக்கும் தகாது, அங்கே அறையில் ஒற்றை ஆளாக இருந்துகொண்டு அதைத் தொடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து திட்டுவதற்கு ஆள் இருந்தால் விளையாடலாம். சொல்லப்போனால் திட்டுவதற்கு இதைவிட நல்ல கேம் கிடைக்காது.

முதல் டிஸ்கெட்டோடு நான் நிறுத்திவிட்டேன். இரண்டாவதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பூஞ்சை பிடிக்காமலிருக்க ரொட்டி டின்னில் அரிசி போட்டு, அதில் மூடி வைத்திருக்கிறேன். அரிசி டிசம்பர்வரைதான் தாங்கும், அதற்குமேல் வண்டு வந்துவிடும்.

ரூலர் பிடித்து வரைந்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மாமாவிடம் கேட்டு இன்னொரு நிரை பிளான் வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, மலையை உச்சியில் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். மீதி வெறும் தாள். இனி அதைத் தப்பாக வரைய ஆள் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று மாதா உங்களுக்குக் காட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரிஜெட்