மாட்டுக் குரல் என்னுடையது

என் அன்பு ஸ்டெல்லா,

உன் நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. சனிக்கிழமை மாலை மறைக்கல்வி அறையைத் திறந்ததும் சேவியர் அண்ணன் வழக்கம்போல நாற்காலிகளைப் போடுகிறார். எண்ணாமல் போடுவதால் உன்னுடையதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. எடுத்து வைக்க யாருக்கும் கை வரவில்லை. அதன்மேல் பாட்டுத் தாள்களை வைத்துக்கொள்கிறோம். உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மற்றபடி எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு மணி நேரம் வாத்திய வாசிப்பு, ஒரு மணி நேரம் பேச்சு. போன வாரம் அண்ணன் டிராம்போனிலிருந்து தண்ணீர் வடித்தபோது ட்ரம்பெட் அருள் நாற்காலியோடு நகர்ந்தான்.

"அண்ணே, எச்சிலை என் செருப்புல ஊத்தாதீங்க."

"எச்சில் இல்லடா. மூச்சு குளிர்ந்து தண்ணியாகுது. படிச்சவன்தானே நீ?"

"அப்ப குடிங்க பாப்போம்."

நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பாய். நான் சிரித்துவிட்டு உன் பக்கம் திரும்பினேன். பாட்டுத் தாள்தான் இருந்தது.

நாம் சந்தித்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில், நத்தை மாதிரி வளைந்த ஒரு கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். யாரிடமும் வலியப் பேசாத நான், உள்ளே என்ன என்று கேட்டுவிட்டேன். "ஹார்ன். இன்னொன்னு கோயில் பீரோவுல சும்மா கிடக்கு. ஊத ஆள் இல்ல. வரீங்களா?" என்றாய். கல்லூரி நூலகத்தில் நாள் முழுக்கச் சத்தம் போடாதீர்கள் என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெண், மூன்றே மாதத்தில் ஒரு பித்தளைக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ முதல் ஹார்ன். நான் இரண்டாவது.

இதை நம் குழு தாண்டி மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். ஹார்னில் விரல்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன. ஒரே விரலை அழுத்தியிருந்தாலும் பல சுரங்கள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும். எதைப் பிடிப்பது என்று உதடும் மூச்சும்தான் தீர்மானிக்க வேண்டும். உதடு இறுகிவிட்டால் ஓசை மேலே தாவும். மூச்சு தளர்ந்தால் கீழே விழும். நீ தப்பு செய்தால் எப்போதும் மேலேதான் போகும், எண்ணெய் போடாத கதவு கீச்சிடுவதுபோல. நான் எப்போதும் கீழே விழுவேன்.

நம் அறையில் யாருடைய தப்பையும் யாரும் விளக்குவதில்லை. அருள் அதை வாயால் அப்படியே பாடிக் காட்டுவான். தப்பு செய்தவர் உடனே கை தூக்கிவிட வேண்டும், மற்றவர்கள் அடுத்தவரைச் சந்தேகப்படாமல் இருப்பதற்காக. அவ்வளவுதான் நம் சட்டம். அந்தச் சட்டத்தை நாம் இருவரும் ஒருமுறை மீறினோம்.

போன ஈஸ்டர் காலைத் திருப்பலி. என் அரங்கேற்றம். கடைசிப் பாட்டின் முடிவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிட, நம் இரண்டு ஹார்ன்கள் மட்டும் ஒரே சுரத்தை மிக மெதுவான எட்டு எண்ணிக்கைக்கு நீட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே மூச்சில் முடியாது. அதனால் நீ மூன்றாவதில் மூச்சு எடுப்பாய், நான் ஐந்தாவதில். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் தாங்கினால் கேட்பவர்களுக்கு ஓசை அறுந்ததே தெரியாது. பென்சிலால் இருவர் தாளிலும் குறித்து வைத்தது நீதான்.

மூன்றாவதில் நீ மூச்சு எடுத்தாய். அந்த நொடியில் கோயில் முழுக்க என் ஹார்ன் மட்டும் கேட்டது. அதைக் கேட்டே பயந்துவிட்டேன். மூச்சு தளர்ந்தது. ஜெபம் சொல்ல ஃபாதர் வாய் திறந்த நேரம், கன்றைத் தேடும் மாடு மாதிரி ஒரு குரல் பீடம் வரை போயிற்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்குவதற்குள் நீ தூக்கிவிட்டாய். சிரித்துக்கொண்டே.

அன்றிலிருந்து நீ மாடு. "ஸ்டெல்லா, கன்னுக்குட்டி கிடைச்சுதா?" என்று அருள் கேட்காத சனிக்கிழமை இல்லை. பஸ்ஸில் உன்னிடம் ஏன் என்று கேட்டேன். "இன்னிக்கு உன்னப் பாத்துச் சிரிச்சா நீ அடுத்த வாரம் வரமாட்டே. எனக்குப் பக்கத்துல ஆள் வேணும்டி. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் நான் மாடா இருக்கேன். அப்புறம் நீயே சொல்லிடு" என்றாய். சரி என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்!

அடுத்த ஈஸ்டர் வரும்வரை நீ இருக்கவில்லை. நான்கு நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு நாங்கள் மூவரும் லால்குடியில் உன் அம்மா வீட்டுக்குப் போனோம். சாப்பிட்ட பிறகு உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. அருள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஈஸ்டர் கதையைச் சொல்லி மாடு மாதிரி கத்திக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அன்பினால்தான், ஸ்டெல்லா. உன் அம்மாவும் சிரித்தார்கள். ஆனால் நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தார்கள்.

"ஏம்மா, அவ ஒழுங்கா வாசிக்க மாட்டாளா? எங்கிட்ட முதல் ஹார்ன்னு சொன்னாளே."

"நல்லா வாசிப்பா ஆன்ட்டி" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. அவர்கள் தலையாட்டினார்கள், ஆறுதல் சொல்பவளை நம்பாதவர்கள் ஆட்டுகிற மாதிரி.

நீ வாசித்து அவர்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்களிடம் மிஞ்சியிருக்கும் உன் ஒரே ஓசை அந்த மாட்டுக் குரல்தான், அதுவும் என்னுடையது. ஊர் திரும்பும் ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது இது எனக்கு உறைத்தது. புத்தகங்களில் எத்தனையோ பேருடைய கோழைத்தனத்தைப் பக்கத்தில் கோடிட்டுப் படித்திருக்கிறேன். என்னுடையதற்கு அடையாளம் வைக்க எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "ஈஸ்டர்ல மாடு கத்தினது ஸ்டெல்லா இல்ல. நான்."

அருள் நம்பவில்லை. "போங்க வைதேகி. அவங்கதானே கை தூக்கினாங்க? நான் பாத்தேனே."

சேவியர் அண்ணன் இன்னும் மோசம். "வைதேகிம்மா, செத்தவ மேல குறை இருக்கக் கூடாதுன்னு நீ ஏத்துக்கப் பாக்குற. நல்ல மனசுதான். ஆனா அது குறையே இல்லம்மா. நாங்க ஆசையாச் சொல்றது."

உண்மையைச் சொன்னதற்கு எனக்கு நல்லவள் பட்டம் கிடைத்ததுதான் மிச்சம்! கோபம் வந்துவிட்டது.

"அருள், மாடு மாதிரி கத்துங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கத்தினான்.

"குரல் எங்க போகுது? மேலயா, கீழயா?"

டிராம்போனைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனின் கை நின்றது. "கீழ" என்றார்.

"ஸ்டெல்லா தப்பு பண்ணினா எங்க போகும்?"

அருள் யோசித்தான். பிறகு, அவனையும் அறியாமல், மெதுவாக உன் கீச்சொலியைப் பாடிக் காட்டினான். எண்ணெய் போடாத கதவு. அச்சு அசல் நீ. நீ போனபின் அந்த அறையில் உன் ஓசை கேட்டது அதுதான் முதல் தடவை. டீ ஆறியது.

"அடிப்பாவி" என்றார் அண்ணன் கடைசியில். என்னைச் சொன்னாரா, உன்னைச் சொன்னாரா? இன்னும் தெரியவில்லை.

"அப்ப ஒரு வருஷமா தப்பான மாட்டைக் கட்டி வெச்சிருந்தோமா?" என்றான் அருள்.

மறுநாள் காலை ரயிலில் தனியாக லால்குடி போனேன். உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். பஸ்ஸில் நீ சொன்னது வரை எதையும் விடாமல் சொன்னேன். அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்பவே ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு ஆன்ட்டி."

"ஒரு வருஷமும் பயமா?"

"அப்புறம்... பழகிடுச்சு."

அவர்கள் ஒரு கொத்து முழுக்க ஆய்ந்து முடித்தார்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு கேட்டார்கள்: "எட்டு எண்ற வரைக்கும் இழுக்கணும்னியே. நீ மூச்சு எடுக்குறப்ப அவ தனியா இழுத்தாளே, அப்ப அவளுக்கு அறுந்துச்சா?"

"ஒரு நாளும் அறுந்ததில்ல ஆன்ட்டி."

"ம்" என்றார்கள். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர்கள் வாசலில் நின்று, "அப்ப முதல் ஹார்ன்தான்" என்றார்கள். என்னிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஈஸ்டருக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று விசாரித்தார்கள். கோயிலில் முன்வரிசையில் உட்காரலாமா என்றும்.

உன்னிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. அருளும் அண்ணனும் சிரித்தபோதெல்லாம் நீயும் சிரித்தாயே, வீட்டுக்குப் போனபின்னும் அது சிரிப்பாகவே இருந்ததா? நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

அந்த நீண்ட சுரத்தை இந்த வருடம் நான் தனியாக வாசிக்க வேண்டும். ஐந்தாவதில் நான் மூச்சு எடுக்கும்போது ட்ரம்பெட்டால் மூடிவிடுவதாகவும் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னான் அருள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு தாளில் தன் பகுதியின் ஐந்தாவதில் ஏதோ குறிக்கப் போனவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். மூன்றாவதில், நீ மூச்சு எடுக்கும் இடத்தில், நான் எடுக்க மாட்டேன். அங்கே தனியாக நின்று தாங்குவேன். ஐந்தாவதில் எல்லோருக்கும் கேட்க மூச்சு எடுப்பேன். ஓசை அறுந்து ஒரு நொடி கோயில் அமைதியாக இருக்கும். முன்வரிசையில் இருக்கும் உன் அம்மாவுக்கு அது யார் தாங்கிய இடம் என்று தெரியும்.

அதையும் மீறி மாடு கத்தினால், இந்த முறை கை என்னுடையது.

உன் பக்கத்து நாற்காலிச் சகோதரி,
வைதேகி